உண்ணாமை பரிசுத்தமாகுமா? ஒரு வரலாற்று நோக்கு

இளம் வயதினர் சிலர், சிறப்பாகப் பெண்பிள்ளைகள், வறுமையோ வேறு உடல்நோயோ இல்லாதிருந்தும் உணவை மறுத்து, எலும்பும் தோலுமாக மெலிந்து, சிலவேளைகளில் மரணம் வரையும் செல்கின்றனர். மருத்துவர் இதனை அனரெக்ஸியா நெர்வோஸா என்பர். பசியின்மை என்னும் பொருளுடைய இப்பெயர் முற்றிலும் பொருந்துவதன்று. இந்நோயாளிகளுள் பலருக்குப் பசி உண்டு. அதனை அடக்கி வெல்வதே அவர்களது இடைவிடாத போராட்டமாகும். இது மருத்துவர்க்கு மட்டுமே உரிய பொருள் என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. உண்ணாமையைப் பக்தியின் அடையாளமாகப் பல நூற்றாண்டுகள் போற்றிவந்தது திருச்சபை. ஆகவே இந்நோயின் வரலாறு ஒருவகையில் நமது வரலாறுமாகும்.

1. நோன்பும் அதன் எல்லையும்

இத்தாலி நாட்டுச் சியன்னா நகரத்துக் கத்தரீன் (1347–1380) இளமையிலேயே உணவைக் குறைக்கத் தொடங்கினார். பின்னர் நீரும் பச்சிலையும் தவிர வேறொன்றும் ஏற்கவியலாத நிலையை அடைந்தார். அவரது வரலாற்றை எழுதிய கப்புவா நகரத்து ரெய்மண்டு அவருக்குப் பாவசங்கீர்த்தன குருவாகவும் இருந்தவர். உண்ணும்படி மூத்தோர் வற்புறுத்தியபோது, தம்மால் இயலவில்லை என்றே கத்தரீன் விடையிறுத்தார். முப்பத்து மூன்றாம் வயதில் மரித்தார். இதனை இக்கால நோயோடு ஒப்பிட்டு வரலாற்றாசிரியர் ருடால்ஃப் பெல் 1985இல் ஒரு நூல் வெளியிட்டார். இடைக்காலப் பெண்களின் நோன்பை அவர்களுடைய நற்கருணைப் பக்தியினின்றும் பிரித்துப் பார்த்தலாகாது என்று கரோலின் வாக்கர் பைனம் 1987இல் எழுதினார். மரித்தோர்க்கு நாம் நோய்ப்பெயர் சூட்ட வேண்டியதில்லை. ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. மற்றவர்களைப் போல உண்டு வாழும் கிருபையைத் தமக்கு அருளுமாறு தேவனை வேண்டிவந்ததாகக் கத்தரீனே ஒரு கடிதத்தில் எழுதியுள்ளார். மக்கள் அற்புதம் என்று கண்டதை அவர் தமது பலவீனமாகக் கண்டார்.

எர்ஃபர்ட் மடத்தில் தாம் மேற்கொண்ட கடும் நோன்பும் கண்விழிப்பும் தம் உடலைக் கெடுத்ததாக மார்ட்டின் லூத்தர் பிற்காலத்தில் கூறினார். 1530ஆம் ஆண்டின் அவுக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை, உணவு விலக்குதலால் கிருபையைச் சம்பாதிக்கலாம் என்னும் போதனையைக் கண்டித்தது. ஆனால் நோன்பையே தள்ளிவிடவில்லை. இவ்வேறுபாடு இன்றும் நமக்குத் தேவையானது.

2. ஆயராயிருந்த மருத்துவர்

இந்நோயை ஒத்த நிலையைத் தெளிவாக முதன்முதல் எழுதிய மருத்துவர்களுள் ஒருவர் ஓர் ஆயராயிருந்தவர் என்பது நம் கவனத்திற்குரியது. ரிச்சர்டு மோர்ட்டன் இங்கிலாந்துத் திருச்சபையில் ஊழியம் செய்தவர். 1662ஆம் ஆண்டின் ஒருமைப்பாட்டுச் சட்டத்திற்கு இணங்க மறுத்ததால் ஊழியத்தை இழந்து மருத்துவரானார். 1689இல் அவர் வெளியிட்ட நூலில் இருவரைப்பற்றிய குறிப்பு உண்டு. பதினெட்டு வயதுப் பெண்ணொருத்தி தோல் போர்த்த எலும்புக்கூடு போலாகி, மருந்தையும் மறுத்து மரித்தாள். மற்றவன் பதினாறு வயதுச் சிறுவன். ஒரு போதகரின் மகன். அளவு கடந்த படிப்பும் மனவேதனையுமே காரணம் எனக் கண்ட மோர்ட்டன், படிப்பை விட்டுக் கிராமப்புறம் சென்று பாலுணவு கொள்ளுமாறு சொன்னார். சிறுவன் பெரிதும் தேறினான்.

3. சாரா ஜேக்கப்

வேல்ஸ் நாட்டின் கார்மார்தன் பகுதியில் 1857இல் ஒரு பண்ணை வீட்டில் பிறந்தவள் சாரா ஜேக்கப். 1867இல் நோயுற்றுப் படுத்தாள். அவ்வாண்டு அக்டோபர் முதல் அவள் எதுவுமே உண்பதில்லை என்று பெற்றோர் கூறினர். செய்தி பரவிற்று. இரயிலேறி வந்து பார்த்தோர் பலர். நாடாக்களால் அலங்கரிக்கப்பட்டுப் படுக்கையில் சமய நூல்களை வாசித்திருந்த சிறுமியைக் கண்டு வியந்து, காசு வைத்துச் சென்றனர்.

அவ்வூர்ச் சபைக்குரு ஈவன் ஜோன்ஸ் முதலில் ஐயுற்றார்; பின்னர் நம்பினார். 1869 பிப்ரவரியில் பத்திரிகைக்கு எழுதி, சிறுமியைச் சோதித்தறிய மருத்துவர்களை அழைத்தார். ஊரார் இரு வாரம் நடத்திய முதற் கண்காணிப்பு உறுதியற்றதாயிருந்தது. ஆகவே இலண்டன் கைஸ் மருத்துவமனையிலிருந்து நான்கு செவிலியர் வரவழைக்கப்பட்டனர். அவர்கள் டிசம்பர் 9ஆம் நாள் காவலைத் தொடங்கினர். சிறுமி கேட்டால் உணவு கொடுக்கலாம். தாங்களாகக் கொடுக்கலாகாது என்பது அவர்களுக்கிடப்பட்ட கட்டளை. அதுவரை எவ்வகையிலோ மறைவாகக் கிடைத்துவந்த சிறிதளவு உணவும் இக்காவலால் நின்றுபோனது. சிறுமி கேட்கவில்லை. நிலைமை மோசமானபோது, சோதனையை நிறுத்தி உணவு கொடுக்குமாறு குரு வேண்டினார், பெற்றோர் இணங்கவில்லை. டிசம்பர் 17ஆம் நாள் சாரா மரித்தாள். வயது பன்னிரண்டு. 1870 ஜூலையில் தந்தைக்குப் பன்னிரண்டு மாதமும் தாய்க்கு ஆறு மாதமும் கடுங்காவல் விதிக்கப்பட்டது.

சாராவுக்கு இருந்தது இந்நோய்தானா என்று முடிவு செய்ய நாம் முயலவில்லை. சமயம் அவளிடம் அற்புதத்தைத் தேடிற்று. அறிவியல் மோசடியைத் தேடிற்று. இருசாராரும் அவளைக் கவனமாகப் பார்த்தார்கள். ஒருவரும் அவளை மேய்க்கவில்லை.

4. நோயின் காரணமும் விளைவும்

நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1873இல், அதே கைஸ் மருத்துவமனையைச் சார்ந்த வில்லியம் கல் இந்நோயைப்பற்றி இலண்டனில் ஒரு கட்டுரை வாசித்தார். அனரெக்ஸியா நெர்வோஸா என்னும் பெயர் அவர் இட்டதே. அவ்வாண்டிலேயே பாரிசில் ஷார்ல் லாசேக் என்பவரும் இதனை விவரித்தார். நோயாளியின் விருப்பத்திற்கு விட்டுவிடாமல், குறித்த இடைவேளைகளில் உணவூட்ட வேண்டும் என்பது கல் அவர்களின் முடிபு. சாராவின் படுக்கையருகே இடப்பட்ட கட்டளைக்கு இது நேர்மாறானது.

இந்நோய்க்குக் காரணம் ஒன்றன்று. பிறப்பு வழி வரும் இயல்பு, குறையற்றவராயிருக்க வேண்டுமென்ற கடும் மனப்பாங்கு, உளக்காயம், மெலிவையே அழகெனப் போற்றும் சமுதாயம் ஆகியவை ஒன்றுசேருகின்றன. 2019இல் வெளியான மரபணு ஆய்வொன்று, உடலின் வளர்சிதை மாற்றத்திற்கும் இதில் பங்குண்டெனக் காட்டிற்று. ஆகவே பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமன்று. ஆண்பிள்ளைகளும் இதற்குத் தப்பியவரல்லர்.

பட்டினி தானே மனத்தைச் சிறைப்படுத்தும் என்பதற்கு அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகச் சோதனை சான்று. 1944–45இல், மனச்சாட்சியின் நிமித்தம் போர்ப்பணியை மறுத்த 36 பேர் இதற்கு முன்வந்தனர். அவர்களுள் பலர் சமாதானத்தை வலியுறுத்தும் திருச்சபைகளைச் சார்ந்தவர். ஆறு மாத அரைப்பட்டினியில் உடல் எடையில் ஏறத்தாழக் காற்பங்கை இழந்தனர். நலமுள்ள அவ்வாலிபர் சோர்வுற்றனர்; எரிச்சலுற்றனர்; நண்பரை விட்டு விலகினர்; இரவும் பகலும் உணவையே எண்ணினர். வளரும் பிள்ளைகளுக்கோ மாதவிடாய் நின்று, எலும்பு வலுவிழந்து, இதயம் தளரும் ஆபத்தும் உண்டு. மனநோய்களுள் மிகுதியாக உயிரைப் பறிப்பவற்றுள் இது ஒன்று.

இலண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் 1980களில் உருவான சிகிச்சை முறை, பிள்ளைக்கு உணவூட்டும் பொறுப்பைப் பெற்றோரிடமே அன்போடும் உறுதியோடும் ஒப்படைக்கிறது. இளையோர் பலர் இதனால் நலமடைந்துள்ளனர்.

5. ஆயர்ப்பணிக்கு ஒரு சொல்

நம் சபைகளில் உபவாசக் கூட்டங்களும் லெந்துகால நோன்பும் உண்டு. அவை நல்லவையே. ஆயினும் நாளுக்கு நாள் மெலிந்துவரும் இளம்பெண் தன் உபவாச நாட்களை நீட்டிக்கொண்டே போகும்போது, அவளைச் சபைமுன் நிறுத்திப் பாராட்டுதல் ஆகாது. அவள் தன் உடலை வெறுக்கிறாளா, பிறரோடு அமர்ந்து உண்ண அஞ்சுகிறாளா என்று அறிந்து, பெற்றோரோடு பேசி, மருத்துவரிடம் அனுப்புவதே ஆயரின் கடமை. ஜெபம் சிகிச்சைக்குத் துணை, அதற்கு மாற்றன்று. ஏசாயா 58ஆம் அதிகாரம் கூறும் உபவாசமும் பசித்தவனோடு அப்பத்தைப் பகிர்வதில் முடிகிறதேயன்றி, நம்மை நாமே அழிப்பதில் முடிவதில்லை.

யவீருவின் மகளுக்கும் வயது பன்னிரண்டே. நம் ஆண்டவர் கூட்டத்தை வெளியே அனுப்பிவிட்டு, தாய்தகப்பனோடு உள்ளே சென்று, அவளைக் கைப்பிடித்து எழுப்பினார். அனைவரும் அற்புதத்தைக் கண்டு திகைத்து நின்றபோது, அச்சிறுமிக்கு உண்ணக் கொடுக்கும்படி சொன்னார் என்று மாற்கு 5ஆம் அதிகாரம் அறிவிக்கிறது. அக்கட்டளை நமக்கும் உரியது.