சொர்க்கத்தில் பியானோ!

சொர்க்கத்தில் பியானோ இருக்குமா? இஞ்சி பிஸ்கட் கிடைக்குமா? சிரிக்காதீர்கள்! இதற்காக அமெரிக்க வாசகர்கள் ஒரு காலத்தில் இரண்டு கட்சியாகப் பிரிந்து மோதிக்கொண்டார்கள்.

வருடம் 1868. உள்நாட்டுப் போரில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட சிப்பாய்களைப் பலிகொடுத்திருந்தது நாடு. பலருடைய உடல்கூட வீடு வந்து சேரவில்லை. ஆறுதல் தேடி சர்ச்சுக்குப் போனால், அங்கே சொன்ன சொர்க்கத்தில் வெள்ளை அங்கி, யாழ், ஓயாத தோத்திரம்! 'மேலே போனா என் பிள்ளைக்கு என்னை அடையாளம் தெரியுமா?' என்று தவித்த தாய்க்கு அதில் பதில் ஏது?

எலிசபெத் ஸ்டூவர்ட் ஃபெல்ப்ஸ் பதில் எழுதினார். வயது 24. அப்பா, இறையியல் பேராசிரியர். காதலித்த இளைஞனைப் போரில் பறிகொடுத்தவர் அவர். 'தி கேட்ஸ் அஜார்' என்ற அவருடைய நாவலில், சகோதரனை இழந்து கல்லாய்ச் சமைந்த மேரிக்கு வினிஃப்ரெட் ஆன்ட்டி சொல்கிறாள்: அங்கேயும் வீடு உண்டு, தோட்டம் உண்டு, அவன் உன்னை மறக்கவில்லை! ஏங்கும் சின்னப் பெண்ணுக்கு பியானோகூட உண்டு!

மதப் பத்திரிகைகள் கொதித்தன. மார்க் ட்வைன், பிற்பாடு இந்த சொர்க்கத்தைக் கிண்டலடித்து ஒரு கதையே எழுதினார். (நாவலும் சுமார்தான். உபதேசம் ஜாஸ்தி!) ஆனால் புத்தகம் பறந்தது. அதன் பெயரில் சட்டைக் காலர், சுருட்டெல்லாம் விற்றார்கள்!

யாரும் அபிப்பிராயம் கேட்காத பெண்களுக்காகவே எழுதியதாக 1896-ல் வந்த தன் நினைவுக் குறிப்புகளில் சொன்னார் ஃபெல்ப்ஸ். அப்படிப்பட்டவர்களிடமிருந்துதான் அவருக்குக் கடிதங்கள் மூட்டை மூட்டையாக வந்து குவிந்தன.