பாரிசவாதமும் வீடியோ விளையாட்டும்: கைக்குத் தேவை கருவியா, பயிற்சியா?

பாரிசவாதத்தால் செயலிழந்த கையை மீண்டும் இயங்க வைக்க வீடியோ விளையாட்டு உதவுமா? 2006இல் நிண்டெண்டோ நிறுவனத்தின் 'வீ' சந்தைக்கு வந்ததிலிருந்து இந்தக் கேள்வி இருக்கிறது. அதன் கைக்கருவியைப் பிடித்து வீசினால் திரையில் டென்னிஸ் மட்டை வீசும். 2010இல் வந்த மைக்ரோசொஃப்டின் 'கைனெக்ட்' இன்னும் வசதி. கமராவே உடலசைவைக் கண்டுகொள்வதால், விரல் மடக்க முடியாதவரும் விளையாடலாம்.

மூளையில் சேதமடைந்த பகுதியின் வேலையை மற்றப் பகுதிகள் பழகிக்கொள்ள, ஒரே அசைவை நூற்றுக்கணக்கான தடவை செய்யவேண்டும். சலிப்பான வேலை. புள்ளி ஏறும் விளையாட்டென்றால் சலிப்புக் குறையும் என்பதே எதிர்பார்ப்பு.

கனடாவின் டொரொன்டோ நகர நரம்பியல் மருத்துவர் கஸ்டவோ சபோஸ்னிக் குழுவினர் இதைச் சோதித்து 2016இல் முடிவை வெளியிட்டனர். கனடா, ஆர்ஜென்டினா, பெரு, தாய்லாந்து ஆகிய நாடுகளில் 141 நோயாளர்கள். வழமையான சிகிச்சையோடு ஒரு பகுதியினர் 'வீ' விளையாடினர். மற்றவர்கள் சீட்டு, பிங்கோ, பந்து விளையாடினர். இரண்டு கிழமையில் 10 தடவை, தடவைக்கு ஒரு மணித்தியாலம். இரு பகுதியினருக்கும் கை முன்னேறியது. 'வீ' விளையாடியவர்களுக்கு மேலதிக நன்மை எதுவும் தெரியவில்லை.

மட்டக்களப்பைப் பொறுத்தவரை இதை நல்ல செய்தி என்றே சொல்வேன். போதனா வைத்தியசாலை நகரில் இருக்கிறது. படுவான்கரையிலிருந்து வருவோர் வாவியைக் கடக்கவேண்டும். 2014இல் மண்முனைப் பாலம் திறந்தபின் பயணம் இலகுவானது உண்மைதான். ஆனாலும் நடக்கமுடியாத ஒருவரை முச்சக்கரவண்டி பிடித்து அடிக்கடி கூட்டிவர, கூலி வேலை செய்யும் குடும்பத்தால் முடிவதில்லை. அவர்களுக்கு வீட்டுப் பயிற்சிதான் வழி. அதற்கு ஒரு கட்டுச் சீட்டோ தாயக் காய்களோ போதும். பேரப்பிள்ளை எதிரே உட்கார்ந்தால் இன்னும் நல்லது. தோற்க விரும்பாத தாத்தா தானாகவே கையை நீட்டுவார்.

ஒன்றைக் கவனிக்கவேண்டும். அந்த ஆய்வில் பங்கேற்றவர்கள், நோய் வந்து மூன்று மாதத்துக்குள், கை ஓரளவு அசையக்கூடியவர்கள். முற்றாகத் துவண்ட கைக்கு இது பொருந்தாது. அப்படியான கையைப் பிடித்து இழுத்தால் தோள்மூட்டு விலகக்கூடும். கை அசையும்போதும் பலர் முழங்கையை நீட்டாமல் உடம்பைச் சாய்த்தே காயை எடுப்பார்கள். விளையாட்டில் வெல்லலாம், கைக்குப் பயனில்லை. வீடியோ விளையாட்டிலும் இதே சிக்கல்தான்: மணிக்கட்டை மட்டும் சொடுக்கியே 'வீ'யில் புள்ளி எடுத்துவிடலாம்.

ஆகவே வீடு திரும்புமுன் இயன்மருத்துவரிடம் கேட்கவேண்டியவை: எந்த அசைவு, நாளுக்கு எத்தனை தடவை, தோளை எப்படித் தாங்குவது. வீட்டில் கூட இருந்து பார்க்கப்போகிறவர் ஒருவரும் அப்போது பக்கத்தில் நிற்கவேண்டும்.