பூட்டிக் கிடக்கிற கடைக்கும் ஒரு உறுதி இருக்கு

மலையகத்தில் எந்த டவுனுக்குப் போனாலும் அப்படி ஒரு கட்டடத்தைப் பார்க்கலாம். துருப்பிடித்த ஷட்டர். மேல்மாடிச் சுவரில் வேர்விட்ட அரசங்கன்று. பெயின்ட் உரிந்த இடத்தில் பாதி எழுத்து மட்டும் தெரிகிற பழைய பெயர்ப்பலகை. பக்கத்திலேயே புதுசாகக் கண்ணாடி போட்ட ஃபோன் கடை. "டவுனோட முகத்தையே கெடுக்குது", "சொந்தக்காரனுக்கு அக்கறை இல்ல", "சபை உடைச்சுத் தள்ளினா என்ன?" என்று ஆளுக்கு ஒன்று சொல்லுவோம். உல்லாசப் பயணிகள் வந்துபோகிற ஊர் என்றால் இந்தப் பேச்சு இன்னும் கூடும்.

பேச்சில் நியாயம் இல்லாமல் இல்லை. மூடின கடை இருக்கிற வரிசை ராத்திரியில் இருட்டாகும், வாசலில் குப்பை சேரும், பக்கத்துக் கடைக்காரருக்கும் வியாபாரம் குறையும். ஆனா ஒரு கேள்வியை மட்டும் நாம அதிகம் கேட்பதில்லை. அந்தக் கடை எப்படிப் பூட்டப்பட்டது? பதுளை பசாரின் வரலாற்றை வைத்து அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் பார்ப்போம்.

தோட்டமும் பசாரும்

ஊவா 1886இல் தனி மாகாணமானது. பதுளை அதன் தலைநகர். கோப்பிப் பயிர் நோயில் அழிந்து, மலையெல்லாம் தேயிலைக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. ரயில் பாதை 1885இல் நானுஓயாவுக்கும், 1893இல் அப்புத்தளைக்கும், 1894இல் பண்டாரவளைக்கும் வந்து சேர்ந்தது. அங்கிருந்து பதுளைக்குப் போய்ச் சேர இன்னும் முப்பது வருஷம் ஆனது. பதுளைக்கு முதல் ரயில் வந்தது 1924 ஏப்ரல் 5ஆம் திகதிதான். இன்றைக்கு நாம ஏறி நின்று படம் எடுக்கிற ஒன்பது வளைவுப் பாலமும், தெமோதரையில் பாதை தன்னையே சுற்றி வருகிற வளையமும் அந்தக் கடைசித் துண்டு வேலையில் கட்டினவை. அழகுக்காகக் கட்டவில்லை. தேயிலையைக் கீழே இறக்கணும், அரிசியையும் துணியையும் மேலே ஏற்றணும், அதுக்குத்தான்.

முத்தியங்கனை விகாரை இருக்கிற பதுளை, ரயிலுக்கும் தேயிலைக்கும் பல நூற்றாண்டு முந்திய ஊர். ஆனா பசார் பெருத்தது தோட்டத்தால். பசறை, மடுல்சீமை, லுணுகலை, ஹாலிஎல, நமுணுகுல என்று சுற்றிலும் தோட்டங்கள். அந்த ஜனங்களுக்குச் சாமான் விற்க இந்தியாவிலிருந்து வந்த தமிழ் வியாபாரிகள், யாழ்ப்பாணத்துக்காரர், முஸ்லிம்கள், சிங்களவர் எல்லாரும் கடை போட்டாங்க. புடவைக்கடை, நகைக்கடை, பாத்திரக்கடை, அடகுக்கடை, சாப்பாட்டுக்கடை.

தோட்டத்து ஆளுக்கு அந்தப் பசார் வெறும் சந்தை இல்லை. தோட்டத்துக்குள்ளே அவர் ஒரு பெயர், பிரட்டுக் களத்தில் கூப்பிடப்படுகிற ஒரு பெயர் மட்டும்தான். வீடு கம்பனியுடையது. அரிசிக்காசைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். சம்பள நாளுக்கு அப்புறம் டவுனுக்கு வந்து கடைப் படியேறும்போது மட்டும், "வாங்க, என்ன வேணும்?" என்று ஒருவர் கேட்பார். நாலு சேலையை விரித்துப் போடச் சொல்லி, பிடிக்கலைன்னு எழும்பிப் போகவும் முடியும். அது சின்ன விஷயம் இல்லை.

இதை ரொம்ப இனிப்பாகவும் சொல்லக்கூடாது. கடன் கொப்பியில் ஏறின கணக்கு சீக்கிரம் இறங்காது. அடகு வைத்த தோடு பல வீடுகளுக்குத் திரும்பி வரவே இல்லை. ஆனாலும், லயத்துப் பிள்ளை கொழுந்துக் கூடையையும் மண்வெட்டியையும் விட்டு முதன்முதலாக வேறு வேலைக்குப் போனது பல குடும்பங்களில் டவுன் கடைக்குத்தான். தோட்டத்திலிருந்து வெளியே போக இருந்த ஒரு கதவு அது.

தீக்கு முன்னாடியே ஆட்டம் கண்ட நிலம்

1948இல் வந்த குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரை மட்டும் நாடற்றவராக்கவில்லை. இந்தியாவிலிருந்து வந்த வியாபாரிகளின் இருப்பையும் அது கேள்விக்குறியாக்கியது. 1964 அக்டோபரில் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று கணக்குப் போட்டார்கள். மிச்சம் 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். நாளைக்கு எந்தக் கப்பலில் ஏறணும் என்று தெரியாதவர் கடைக்கு மாடி எழுப்புவாரா?

இன்னொரு காரணம் எல்லா இனத்துக் கட்டடங்களுக்கும் பொது. 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம், குறித்த ஆண்டுப் பெறுமதிக்கு உட்பட்ட வீடுகளுக்கும் கடைகளுக்கும் வாடகையைக் கட்டுப்படுத்தியது. குடியிருப்பவரைச் சுலபத்தில் எழுப்ப முடியாது. ஏழை வாடகைக்காரருக்கு அது பெரிய பாதுகாப்பு. அதே நேரம், சொற்ப வாடகை வருகிற கட்டடத்துக்கு உரிமையாளர் ஓடு மாற்ற மாட்டார். தன்னுடையது இல்லாத கட்டடத்துக்கு வாடகைக்காரரும் செலவழிக்க மாட்டார். இலங்கையின் பழைய கடைத்தெருக்கள் பல இப்படி இரண்டு பேருக்கும் நடுவில் கிடந்து இத்துப்போனவை. அதனால் பூட்டின கடை எல்லாமே கலவரத்தில் பூட்டினது என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் தனிக் கதை இருக்கு. ஆனா பதுளையில் ஒரு நாளின் கதையைத் தாண்டிப் போக முடியாது.

1983 ஜூலை 27

ஜூலை 23 இரவு திருநெல்வேலியில் 13 இராணுவத்தினர் கொல்லப்பட்டார்கள். 24 இரவு கொழும்பில் தீ வைப்பு தொடங்கியது. 26ஆம் திகதி கண்டி. அதுவரைக்கும் பதுளை அமைதியாகத்தான் இருந்தது. 27ஆம் திகதி புதன்கிழமை காலை பத்தரை மணியளவில், மணிக்கூட்டுக் கோபுரத்துக்கு முன்னால் ஒரு தமிழருடைய மோட்டார் சைக்கிள் கொளுத்தப்பட்டது. மத்தியானம் ஆகும்போது ஒரு கும்பல், ஒழுங்குபடுத்தின மாதிரி, பசாருக்குள்ளே இறங்கிக் கடைகளுக்கு நெருப்பு வைத்தது. அப்புறம் வீடுகள். பிறகு அதே கும்பல் பறித்த வான்களிலும் பஸ்களிலும் ஏறி ஹாலிஎல, பண்டாரவளை, வெலிமடை என்று போனது. இருட்டும்போது லுணுகலை வரைக்கும் தீ பரவியிருந்தது.

திகதிகளைக் கவனிங்க. கொழும்பு எரியத் தொடங்கி இரண்டு முழு நாள் கழிந்த பிறகுதான் பதுளை எரிந்தது. தடுக்க நேரம் இருந்தது. தடுக்க ஆள் இல்லை.

நாடு முழுக்க 5,000 கடைகளும் 8,000 வீடுகளும் அழிந்ததாகப் பரவலாகச் சொல்லப்படுகிறது. 1981 குடிசன மதிப்பீட்டின்படி பதுளை மாவட்டத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் இந்தியத் தமிழர். அந்த ஜனங்கள் நம்பி வந்த கடைத்தெருவில் ஒரு பெரிய பகுதி ஒரே நாளில் போச்சு.

எரிந்த பிறகு வந்த சட்டம்

நம்ம கேள்வியின் மையம் இங்கேதான். ஒரு கடை தீயில் எரிய ஒரு மணி நேரம் போதும். அது பாழாகக் கிடக்க வேண்டுமானால் இன்னும் நிறைய வேணும்.

கலவரத்துக்குப் பிறகு அரசாங்கம் அவசரகால விதிகளின் கீழ், பாதிக்கப்பட்ட சொத்துகளை அரசின் பொறுப்பில் எடுத்து, அவற்றைக் கையாள ஒரு புனர்வாழ்வு அதிகாரசபையை அமைத்தது. 1987இல் 29ஆம் இலக்கச் சட்டம் அதைச் சட்டப்படி நிலைப்படுத்தியது. ரெப்பியா என்று மூத்தவர்கள் சொல்வது இந்த அதிகாரசபையைத்தான். பயத்தில் இருக்கிறவரிடம் அடிமாட்டு விலைக்கு எழுதி வாங்குவதையும், எரிந்த நிலத்தில் கண்டவர் குடியேறுவதையும் தடுக்க அது ஒரு வழி என்று சொல்லலாம். ஆனா மறுபக்கத்தைப் பாருங்க. உன் கடை எரிந்தது. இப்போது அந்த இடத்தைத் திரும்ப எடுக்க நீயே விண்ணப்பம் எழுதணும். உறுதி கடையோடு சேர்ந்து சாம்பல். நீயோ அகதி முகாமில், அல்லது தலைமன்னாரில் கப்பலுக்கு, அல்லது ஏற்கனவே திருச்சியில்.

அடுத்தது காலம். இலங்கையின் 1871ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு நிலத்தை வேறொருவர் பத்து வருஷம் தடையில்லாமல், தன்னுடையதாகவே அனுபவித்தால், அவர் உரிமை கோர முடியும். ஊரைவிட்டு ஓடினவருக்கு பத்து வருஷம் என்பது கண்மூடித் திறக்கிற நேரம். 2016இல் 5ஆம் இலக்கச் சட்டம் ஒரு விதிவிலக்குக் கொண்டுவந்தது. 1983 மே 1 தொடக்கம் 2009 மே 18 வரை வழக்குப் போட முடியாமல் இருந்தவர்களுக்கு அந்தக் காலத்தைக் கணக்கில் எடுக்கக்கூடாது என்றது. நல்ல விஷயம். ஆனா அந்தச் சட்டத்தின் சொற்கள் ஆயுதக் குழுக்களின் செயல்களால் தடுக்கப்பட்டவர்களைப் பற்றித்தான் பேசுகின்றன. பெட்ரோல் கலனோடு பசாருக்குள் வந்த கும்பலைப் பற்றி அதில் பேச்சில்லை.

மூன்றாவது பயம். 2000 அக்டோபர் 25ஆம் திகதி பண்டாரவளை பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் தமிழ் இளைஞர்களை ஒரு கும்பல் கொன்றது. அதைத் தொடர்ந்து மலையகத்தின் பல ஊர்களில் பதற்றம். 83இல் கடையை இழந்து, 90களில் மெதுவாகத் திரும்பி வந்து "இனி கட்டலாமா?" என்று யோசித்த ஒருவருக்கு அந்தச் செய்தி என்ன சொல்லியிருக்கும்?

2004 ஜூலையில் ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க 83க்காகப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். முன்னாள் பிரதம நீதியரசர் சுப்பையா சர்வானந்தா தலைமையிலான ஆணைக்குழு 1981 முதல் 1984 வரையான வன்முறையை விசாரித்திருந்தது. அது சும்மா இல்லை. ஆனா மன்னிப்புக் கேட்டால் உறுதி கைக்கு வந்துவிடாது.

துல்சாவும் யாழ்ப்பாணமும்

இது நமக்கு மட்டும் நடந்ததும் இல்லை. அமெரிக்காவின் துல்சா நகரில் கிரீன்வுட் என்று கறுப்பின மக்களின் வியாபாரப் பகுதி ஒன்று இருந்தது. 1921 மே 31, ஜூன் 1 ஆகிய இரண்டு நாளில் அதைக் கொளுத்தினார்கள். காப்புறுதிக் கம்பனிகள் "கலவரச் சேதத்துக்குப் பணம் இல்லை" என்றன. எரிந்த இடத்தில் தீப்பிடிக்காத விலை கூடின பொருட்களால்தான் கட்டலாம் என்று நகரசபை ஒரு விதி போட்டது. மக்கள் வழக்காடி அந்த விதியை முறியடித்தார்கள், கட்டவும் செய்தார்கள். தீ வைத்தவன் ஒருவன், மறுபடி கட்டவிடாமல் செய்யப் பார்த்த கடதாசி இன்னொன்று. பதுளையிலும் இந்த இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்கணும்.

சரியாக அறுபது வருஷம் கழித்து அதே மே 31, ஜூன் 1 திகதிகளில்தான் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. அதை உலகமே அறியும். அதே நாட்களில் யாழ்ப்பாணச் சந்தைக் கடைகளும் எரிந்தன. அதை எத்தனை பேர் பேசுறோம்? நூலகம் எல்லாருக்கும் பொது, அதனால் எல்லாரும் அழுதார்கள். கடை ஒருவருடையது, அதனால் அவருடைய நட்டம் என்று விட்டுவிட்டோம். அந்தக் கடையை நம்பி இருந்த சிப்பந்தியும், கடன் கொப்பியில் பெயர் இருந்த குடும்பமும் கணக்கிலேயே வரவில்லை.

ஊரின் முகம்

இன்றைக்கு ஊவாவின் முகம் என்றால் எல்ல, பாலம், நீல ரயில், பச்சை மலை. வெளிநாட்டுக்காரர் அதைப் பார்க்க வருவது நல்லதுதான், நம்ம பிள்ளைகளுக்கும் அதில் வேலை கிடைக்கிறது. ஆனா முகத்தைச் சுத்தம் பண்ணுகிறோம் என்று பழைய கட்டடத்தை உடைத்து வாகனத் தரிப்பிடம் போடும்போது, கூடவே போவது அங்கே ஒரு தமிழ்ப் பெயர்ப்பலகை இருந்தது என்கிற சாட்சி. இடிந்த கடை ஊருக்கு அவமானம் என்றால், அந்த அவமானத்தில் சொந்தக்காரரின் பங்கு எவ்வளவு, தீ வைத்தவரின் பங்கு எவ்வளவு, விண்ணப்பத்தைக் கிடப்பில் போட்ட அலுவலகத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பேசுவோமே.

இதுக்குப் பெரிய ஆராய்ச்சிப் பட்டம் வேண்டாம். உங்க ஊரில் பூட்டிக் கிடக்கிற ஒரு கடையை எடுத்துக்கொள்ளுங்க. பெயர்ப்பலகையைப் படம் எடுத்து வையுங்க. பக்கத்துக் கடையில் இருக்கிற வயதானவரிடம் பேசுங்க, அவர் சிங்களவரோ முஸ்லிமோ தமிழரோ. அன்றைக்கு அயல்காரருக்கு அடைக்கலம் கொடுத்தவர்களும் அவர்களுக்குள் இருப்பார்கள். காணிப் பதிவகத்தில் கட்டணம் கட்டினால் அந்த நிலத்தின் பதிவை யாரும் தேடிப் பார்க்கலாம். சபையின் ஆதன வரிப் பதிவேட்டில் எந்த வருஷம் எந்தப் பெயர் மாறியது என்று தெரியும். உங்க வீட்டிலேயே பெட்டிக்கு அடியில் ஒரு பழைய உறுதியோ, வாடகைப் பற்றுச்சீட்டோ, ரெப்பியாவுக்கு எழுதின கடிதத்தின் பிரதியோ இருந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிடாதீங்க, ஸ்கேன் பண்ணி வையுங்க.

1983இல் இருபது வயதில் கடையில் வேலை செய்தவருக்கு இப்போது அறுபதைத் தாண்டிவிட்டது. எந்தக் கடை யாருடையது, அன்றைக்கு எந்தப் பக்கத்தால் வந்தார்கள், பிறகு யார் திரும்பி வந்தார், யார் வரவே இல்லை என்று அவருக்குத் தெரியும். கட்டடத்தை உடைக்கலாமா வேண்டாமா என்பதை அவரிடம் கேட்டதுக்கு அப்புறம் பேசலாம்.