கல்வி உளவியலாளராகும் வழி: இங்கிலாந்தின் கதை

எமது கல்லூரியில் படித்து, பின்னர் ஆசிரியராயிருந்து, இங்கிலாந்தில் குடியேறிய சகோதரிகள் இருவர் ஓர் ஒன்றுகூடலில் ஒரே கேள்வியை என்னிடம் கேட்டனர். ஒருவர் மகளுக்காக, மற்றவர் தமக்காக. கல்வி உளவியலாளராவதற்கு என்ன படிக்க வேண்டும்? வகுப்பில் நின்ற ஆண்டுகள் அங்கே செல்லுபடியாகுமா?

1913இல் லண்டன் கவுண்டி சபை சிறில் பேர்ட் என்பவரை அரைநேர உளவியலாளராக நியமித்தது. பிரித்தானியாவில் இப்பதவியை முதலில் வகித்தவர் அவரே. விசேட பாடசாலைக்கு அனுப்பவேண்டிய பிள்ளைகளைப் பரிசோதிப்பது அதுவரை வைத்தியர்களின் வேலையாயிருந்தது. அவருக்கென ஒரு பயிற்சிநெறி இருக்கவில்லை. தொழிலை அவரே வகுத்துக்கொண்டார். (அவரது இரட்டையர் ஆய்வுகள் பிற்காலத்தில் பெரும் ஐயத்துக்குள்ளானது வேறு கதை.) 1929இல் லண்டன் இஸ்லிங்டனில் சிறுவர் வழிகாட்டல் நிலையம் திறக்கப்பட்டது. மனநல வைத்தியர், உளவியலாளர், சமூகப் பணியாளர் மூவரும் அங்கே ஒரு குழுவாக இயங்கினர்.

பிற்காலத்தில் இங்கிலாந்தில் நிலைத்த பாதை எங்களைப் போன்றோருக்கு மிகவும் பிடித்தமானது. உளவியலில் மூன்றாண்டுப் பட்டம், ஓராண்டு ஆசிரியப் பயிற்சி, குறைந்தது இரண்டாண்டு கற்பித்தல், அதன்பின் ஓராண்டு முதுமாணி. வகுப்பறையைத் தாண்டாமல் உள்ளே போக முடியாது. 1981ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் விசேட கல்வித் தேவையுள்ள பிள்ளையின் மதிப்பீட்டில் உளவியலாளரின் ஆலோசனையையும் கட்டாயமாக்கியதால் இவர்களுக்கான தேவை பெருகியது. அறிக்கை எழுதும் வேலையும் பெருகியது.

2006இல் பாதை மாறியது. ஓராண்டு முதுமாணி போய் மூன்றாண்டுக் கலாநிதிப் பட்டம் வந்தது. ஆசிரிய அனுபவம் கட்டாயமல்ல. பிள்ளைகளுடன் ஓராண்டாவது பணியாற்றியிருந்தால் போதும். 2009 முதல், சட்டப்படி பதிவுசெய்தவர் மட்டுமே கல்வி உளவியலாளர் என்ற பெயரைப் பயன்படுத்தலாம். கூட்டிப் பாருங்கள்: அன்றும் ஏழு ஆண்டுகள், இன்றும் ஏழு ஆண்டுகள். வகுப்பறையில் கழிந்த காலம் பல்கலைக்கழகத்துக்கும் களப்பயிற்சிக்கும் போய்விட்டது.

மழலையர் பணியாளருக்கும் சமூகப் பணியாளருக்கும் கதவு திறந்தது நியாயமே. ஆயினும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. நான் கற்பித்த ஆறாம் வகுப்பில் கரும்பலகையில் உள்ளதை முத்துமுத்தாகப் பார்த்தெழுதும் பிள்ளையொன்று இருந்தாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது என்பதை அறிய எனக்கு இரண்டு தவணைகள் எடுத்தன. நாற்பது பேர் நடுவே ஒரு பிள்ளை எப்படி ஒளிந்துகொள்கிறாள் என்பதைத் தனியறையில் அவளை மட்டும் இருத்தி வைத்துச் சோதிப்பவர் காண்பது கடினம்.

சகோதரிகளுக்கு நான் சொன்ன மறுமொழி இதுதான். ஆசிரியராயிருந்த ஆண்டுகள் வீண்போகவில்லை. அவை பிள்ளைகளுடனான அனுபவமாகக் கணக்கில் வரும். ஆனால் பிரித்தானிய உளவியற் சங்கம் ஏற்கும் உளவியற் பட்டம் வேண்டும். வேறு பாடத்தில் பட்டம் பெற்றவர்களுக்கென உளவியல் மாற்றுநெறிகள் உள்ளன. மகளுக்காகக் கேட்டவர் குறித்துக்கொண்டார். தமக்காகக் கேட்டவர், விண்ணப்ப முடிவுத் திகதி எப்போது என்று கேட்டார்.