எஸ்பெஸ்: ரொக்கத்தின் மசாலா வாசம்

பிரான்சில் வங்கிக்குப் போகிறவர் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டிய சொல் 'எஸ்பெஸ்'. ரொக்கம் என்று பொருள். 'ரெத்ரே தெஸ்பெஸ்' என்றால் ரொக்கம் எடுப்பது. 'தெப்போ தெஸ்பெஸ்' என்றால் ரொக்கம் கட்டுவது.

இதன் வேர் 'ஸ்பெசியெஸ்' என்னும் இலத்தீன் சொல். தோற்றம், வகை என்பவை அதன் பழைய பொருள்கள். பிற்கால இலத்தீனில் அது சரக்கையும் குறித்தது. மிளகு, இலவங்கம் போன்ற நறுமணச் சரக்குகளுக்குப் பிரெஞ்சில் வழங்கும் 'எப்பீஸ்' அந்த வேரில் கிளைத்ததே. ஆக, ரொக்கமும் மசாலாவும் உடன்பிறப்புகள்! முடியாட்சிக் காலத்தில் வழக்கில் வென்றவர் நீதிபதிக்கு இனிப்பும் நறுமணப் பண்டமும் தருவார். பின்னர் அது கட்டாயக் காசாக மாறியது; பெயர் மட்டும் 'எப்பீஸ்' என்றே நின்றது. பிரெஞ்சுப் புரட்சிதான் அந்த வழக்கத்துக்கு முடிவு கட்டியது.

பணத்துக்கான பொதுச்சொல் 'அர்ஜான்'. அதற்கு வெள்ளி என்றும் பொருள். சிங்கப்பூர்த் தமிழர் டாலரை 'வெள்ளி' என்பதை நினைத்தால் இது நமக்கு மறக்கவே மறக்காது. கடைவீதிப் பேச்சில் ரொக்கம் 'லிக்கீத்' ஆகிவிடும்; அதன் நேர்ப்பொருள் திரவம்.