தீக்குப் பின் பூக்கும் செடி: தளேகாவ் புல்வெளியில் கணக்கெடுப்பும் காப்பும்

1. செடியும் இடமும்

புனேவுக்கு வடமேற்கே, பழைய மும்பை சாலையில் இருக்கிறது தளேகாவ் தாபாடே. தொழிற்பேட்டையும் அடுக்குமாடிகளும் பெருகிவரும் ஊர். அதன் புல் சரிவுகளில் 2020இல் இயற்கை ஆர்வலர் ஆதித்ய தாரப் ஒரு செடியின் மாதிரிகளைச் சேகரித்தார். புனே அகர்கர் ஆய்வு நிறுவனத்தின் மந்தார் தாத்தர், பூஷண் சிக்வண் ஆகியோருடன் அடுத்தடுத்த பருவங்களிலும் அதைக் கண்காணித்தார். 2024இல் அது புதிய சிற்றினமாகக் கியூ புல்லட்டின் இதழில் வெளியானது. பெயர் டிக்லிப்டெரா பாலிமார்ஃபா. நம் ஆடாதொடை, கனகாம்பரம், குறிஞ்சி எல்லாம் இதன் குடும்பம்தான். ஆனால் டிக்லிப்டெரா பேரினத்தில் பூக்களைக் கதிராகக் கோத்துத் தாங்கும் செடி இந்தியாவில் இது ஒன்றே. இதற்கு மிக நெருங்கிய உறவுகள் ஆப்பிரிக்காவில் உள்ளன. பெருநகரத்தின் விளிம்பில் இப்படியொரு செடி பெயரில்லாமல் நின்றிருக்கிறது என்றால், அந்தப் புல்வெளியை நாம் சரியாகப் பார்த்ததே இல்லை என்றுதான் கொள்ள வேண்டும்.

2. இரு பூப்பருவங்கள்

மழைக்காலம் முடிந்து நவம்பரில் தொடங்கும் முதல் பூப்பு மார்ச், ஏப்ரல் வரை நீள்கிறது. பிறகு கோடை வறட்சி. காய்ந்த புல்லில் மனிதர் வைக்கும் தீ. தண்டும் இலையும் கருகினாலும், மண்ணுக்குள் கட்டைபோல் இறுகிய வேர்ப்பகுதி பிழைத்துக்கொள்கிறது. அதிலிருந்து மே, ஜூனில் குட்டைத் தளிர்கள் எழுந்து நெருக்கமாகப் பூக்கின்றன. இந்த இரண்டாம் பூப்பு குறுகிய காலமே.

3. கணக்கெடுக்கும் முறை

ஒரே பருவத்தில் போய் எண்ணித் திரும்பினால் கணக்கு பிழையாகும். நவம்பரில் கண்ட உயர்ந்த செடியையும் தீக்குப் பின் முளைத்த குட்டைத் தளிரையும் வெவ்வேறு செடிகள் என்றே பழகாத கண் நினைக்கும். ஒரு வேர்க்கட்டையிலிருந்து பல தளிர்கள் வருவதால் தளிர்களை எண்ணுவதும் பயன் தராது; புதர்களை எண்ண வேண்டும். எரிந்த பகுதி, எரியாத பகுதி, மேய்ச்சல் மிகுந்த பகுதி எனப் பிரித்து, நிலையான கட்டங்கள் குறித்து, தீப்பட்ட மாதத்தையும் சேர்த்துப் பதிய வேண்டும். தளேகாவ் அடங்கிய மாவள் வட்டாரத்தின் பிற சரிவுகளில் தேடிக் கிடைக்காத இடங்களையும் எழுதிவைப்பது அவசியம். அருகிய செடியைப் பொறுத்தவரை ‘இங்கே இல்லை’ என்பதும் தரவுதான்.

4. காப்பு

இங்கேதான் நல்லெண்ணமே கேடு செய்யக்கூடும். செடியைக் காப்பது என்றதும் மரக்கன்று நடுவோம், தீயை அறவே தடுப்போம் என்றுதான் நம் மனம் போகிறது. புனேயின் குன்றுகளில் அப்படி நடப்பட்ட கிளைரிசிடியா மரங்களின் நிழலில் புல்வெளி தன் இயல்பை இழந்தது. நீலகிரியிலும் பழனி மலையிலும் சீகையும் தைலமரமும் புல்வெளியை விழுங்கிய கதை நமக்குப் புதிதல்ல. வெயிலில் வாழப் பழகிய செடிக்கு மரநிழல் பாதுகாப்பல்ல, வெளியேற்றம். அரசின் தரிசுநில வரைபடங்களில் இத்தகைய திறந்தவெளிகள் பல ‘தரிசு’ என்றே குறிக்கப்படுவதால், மரம் நடுவோருக்கும் மனை பிரிப்போருக்கும் அவை ஒருங்கே இலக்காகின்றன.

அதற்காக எல்லாத் தீயும் நல்லது என்று சொல்லவில்லை. ஆண்டு தவறாமல் எரிந்தால் வேர்க்கட்டையின் சேமிப்பு எவ்வளவு காலம் தாங்கும், பூத்து விதை முற்றுவதற்குள் தீ வந்தால் என்ன ஆகும் என்பதை அந்த நிலையான கட்டங்களில் நீண்டகாலம் எடுக்கும் பதிவே சொல்லும். அதுவரை, சரிவு முழுவதையும் ஒரே ஆண்டில் எரிய விடாமல், முதல் பூப்புக் காலத்தில் தீயைத் தவிர்த்து, மேய்ச்சலை அளவாக வைத்திருப்பதே தகும். மேய்ப்பவர்களை விலக்கிவிட்டு இதைச் செய்ய முடியாது. தீ எப்போது வைக்கப்படுகிறது, ஏன் வைக்கப்படுகிறது என்பதை அறிந்தவர்கள் அவர்களே.

தோட்டத்தில் சில செடிகளை வளர்ப்பதும் விதைகளைச் சேமிப்பதும் துணைதான். சரிவுக்கு அவை ஈடாகா. தளேகாவ் புல்வெளியைத் தரிசுக் கணக்கிலிருந்து எடுத்து, புல்வெளி என்றே பதிவு செய்து, அங்கு மரம் நடுவதை நிறுத்த வேண்டும். மகாராஷ்டிர அரசு முதலில் செய்ய வேண்டியது இதுவே.