மார்த்தாஸ் வினியார்டு தீவின் ஈருயிர்கள்: ஊரா, நிலைப்பாடா?

ஆங்கில வட்டார வழக்குகளை நிலப்படத்தில் கோடிட்டுப் பிரிக்கும் மரபு, உயிரொலியை ஊரின் உடைமையாகக் கொள்கிறது. அப்படியானால் ஒரே சிறு தீவில் வாழ்வோர் ஒரே சொல்லை வேறுவேறாக ஒலிப்பது ஏன்? மாசசூசெட்ஸ் கரைக்கு அப்பாலுள்ள மார்த்தாஸ் வினியார்டு தீவை வைத்து மொழியியலாளர் வில்லியம் லபோவ் 1963இல் வெளியிட்ட ஆய்வு இக்கேள்வியை எழுப்பியது. அதன் வலுவான சான்று பலரும் மேற்கோள் காட்டும் இடத்தில் இல்லை என்பது என் கருத்து.

‘ரைட்’, ‘ஹவுஸ்’ போன்ற சொற்களிலுள்ள ஈருயிர்கள் (ஓர் உயிரொலியில் தொடங்கி மற்றொன்றுக்கு நழுவும் ஒலிகள்) பெரும்பாலான அமெரிக்கர் வாயில் தாழ்ந்த ஆகாரச் சாயலோடு தொடங்கும். தீவினர் பலரிடம் அத்தொடக்கம் மேலெழுந்து வாயின் நடுவிடத்தில் பிறக்கிறது. இது புத்தொலி அன்று. ஆங்கிலத்தின் பழைய ஒலிப்பை ஒத்தது. 1933இல் நியூ இங்கிலாந்து மொழி நிலப்படத்துக்காகத் திரட்டிய பதிவுகளில் ‘ரைட்’ ஈருயிரில் மட்டும் இச்சாயல் மிதமாக இருந்தது; ‘ஹவுஸ்’ ஈருயிரில் அநேகமாக இல்லை. தேய்ந்து மறைய வேண்டியது அடுத்த முப்பது ஆண்டுகளில் வளர்ந்திருந்தது.

லபோவ் 69 பேரைப் பேட்டி கண்டு இச்சாயலை எண்ணால் அளந்தார்; எண் கூடினால் சாயலும் கூடுதல். தீவின்மேல் பற்றுடையோரிடம் ‘ரைட்’ ஈருயிரின் அளவு 63, பற்றில்லாதோரிடம் 9. பாடநூல்கள் விடாமல் எடுத்துக்காட்டும் எண்கள் இவை. ஆனால் பற்றில்லாதோர் ஆறே பேர். மனப்பாங்கை வகைப்படுத்தியதும் அதே பேட்டிகளைக் கொண்டுதான். இவ்வெண்களின் மேல் மட்டும் பெரிய கோட்பாட்டை எழுப்ப முடியாது.

வயதுவரிசையே என்னை நம்பவைக்கிறது. 75 வயதைக் கடந்தோரிடம் அதே ஈருயிரின் அளவு 25. பிறகு 35, 62 என ஏறி, 31 முதல் 45 வயதுவரை உள்ளோரிடம் 81ஐத் தொடுகிறது. அதற்கும் இளையோரிடம் 37ஆகச் சரிகிறது. ஒலி வெறுமனே பெற்றோரிடமிருந்து வந்திருந்தால், அல்லது ஒரே திசையில் தானாக மாறிக்கொண்டிருந்தால், இந்தச் சரிவுக்கு இடமில்லை. மீன்பிடித் தொழில் நலிந்து, கோடைவிடுமுறைக்கு வரும் செல்வர்களின் கைக்கு நிலம் போய்க்கொண்டிருந்த காலம் அது. தீவிலேயே வாழ்வதென்று முடிவெடுத்து அந்த நெருக்கடியின் சுமையை முழுதாகத் தாங்கியவர்கள் உச்ச அளவைக் காட்டிய நடுவயதினர். இளையோரில் பலர் இருப்பதா, வெளியேறுவதா என இன்னும் தீர்மானிக்காதவர்கள். தீவின் சில்மார்க் ஊர் மீனவரிடம் இவ்வொலி மிக ஓங்கியிருந்ததும் இதனோடு பொருந்துகிறது.

நாற்பதாண்டுகளுக்குப் பின் நடந்த மறுஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. பிளேக்கும் ஜோசியும் 2003இல், ‘ரைட்’ ஈருயிர் தன் சமூகப்பொருளை இழந்துவிட்டது என்றனர். போப், மேயர்ஹாஃப், லாட் மூவரும் 2007இல் லபோவின் முடிவுகளுக்கு ஆதரவாக எழுதினர். பிளேக், ஜோசி ஆய்வே சரியென்று வைத்துக்கொண்டாலும், அது லபோவை மறுப்பதாகாது. தீவின் பொருளியல் நெருக்கடியே அவ்வொலிக்குப் பொருள் தந்திருந்தால், அந்தப் பொருளியல் மாறும்போது ஒலிக்கும் மனப்பாங்குக்குமான பிணைப்பு தளர்வதே எதிர்பார்க்கத்தக்கது. ஊரையே காரணமாகக் கொள்ளும் விளக்கமோ அந்த மாற்றத்துக்குக் காரணம் சொல்ல இயலாது. தீவு இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது.